இருபத்தொரு டப்பா சூப்

வெங்காயத் தோலை அவள் எறிவதில்லை. கழுவி உலர்த்தி வைத்தால் அது சூப்புக்குப் பழைய பித்தளையின் நிறத்தைத் தரும். காளானின் காம்பு, செலரியின் அடிக்கட்டை, கேரட் தோல், முட்டைகோஸின் நடுத்தண்டு, கோழியின் கழுத்தும் முதுகெலும்பும் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பை உண்டு. பை நிறைந்ததும் ஒரு சீட்டு ஒட்டி, கிழமையையும் உள்ளே இருப்பதையும் எழுதி ஃப்ரீஸரில் வைப்பாள். 'செவ்வாய் – எலும்பு.' 'வியாழன் – தண்டு, தோல்.' சனிக்கிழமை அத்தனை பைகளும் ஒரே பாத்திரத்துக்குள் போகும். தீ சிறியதாக இருக்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஒரு குமிழி மேலே வந்து, சற்று யோசித்து, அப்புறம் உடைய வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து வடிகட்டினால், அந்த வாரம் முழுக்க அந்த வீடு என்ன சாப்பிட்டதோ அதெல்லாம் ஒரு கிண்ணத்துக்குள் வந்திருக்கும். எந்த இரண்டு சனிக்கிழமையும் ஒரே சுவையில் இருந்ததில்லை. அதில் அவளுக்குப் பிடித்ததே அதுதான்.

வீடு அவளுடையதல்ல, தம்பியுடையது. தம்பி மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். அவளுடைய தையல் அறையில்தான் இவளுக்கு இரவில் இடம். காலை ஏழு மணிக்கு முதல் ஆள் துணி பார்க்க வந்துவிடும் என்பதால் ஆறு மணிக்கே கட்டிலை மடித்துச் சுவரோடு சாய்த்துவிட வேண்டும். காய்ச்சல் வந்த நாளிலும் மடித்தாள். யாரும் மடிக்கச் சொல்லவில்லை. மடிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"என்ன அண்ணி, குப்பைக்கெல்லாம் பேர் எழுதி வைக்கிறீங்க" என்பாள் தம்பி மனைவி, ஃப்ரீஸரைத் திறக்கும்போதெல்லாம்.

"எழுதலைன்னா நீ தூக்கிப் போட்டுடுவே."

"எழுதினாலும் போடத்தான் தோணுது. ஐஸ்கிரீம் வைக்க இடம் இல்ல. புள்ளைங்க கேட்டா, செவ்வாய்க்கிழமை எலும்பு இருக்கு, நக்கிக்கோங்கன்னு சொல்லவா?"

சொல்லிவிட்டுச் சனிக்கிழமை இரண்டு கிண்ணம் குடிப்பாள். அதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது.

போன குளிர்காலத்தில் தம்பிக்குக் குடலிறக்க அறுவை ஆனது. மருத்துவமனை அவனைப் பத்து நாள் ஒரு தேறுதல் இல்லத்துக்கு அனுப்பியது. அறுவை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகும் முன் தங்கிப் பலம் பிடிக்கும் இடம். நாற்பது படுக்கை, நீளமான தாழ்வாரம், ஒவ்வொரு அறையிலும் பச்சை நிற உலோக அலமாரி. அங்கே சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று தம்பி சொன்னதால் இவள் தினமும் ஒரு ஃப்ளாஸ்க்கில் சூப் கொண்டு போனாள். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு மூடி கேட்டார். எதிர்ப் படுக்கைக்காரர் தன் டம்ளரையே நீட்டினார். ஐந்தாம் நாள் மேட்ரன் வந்து, வெளிச் சாப்பாடு கொண்டுவருவது விதிக்குப் புறம்பு என்று சொல்லிவிட்டு, அந்த மூடியில் மீதமிருந்ததைத் தானே குடித்தார். குடித்துவிட்டு இவளிடம் கேட்டார்.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"வீட்டுலதான் மேடம்."

"யார் வீட்டுல?"

அவள் மூடியை வாங்கி ஃப்ளாஸ்க்கில் திருகினாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த இல்லத்தின் சமையல்காரர் வேறு ஊர் போனபோது மேட்ரன் ஆள் அனுப்பினார். முப்பது நாள் பார்ப்பார்கள். சரியாக வந்தால் வேலை நிரந்தரம். வேலையோடு கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு அறைகள். முதல் நாளே மேட்ரன் அவற்றைத் திறந்து காட்டினார். ஒன்றில் குழாயும் அடுப்பு மேடையும் இருந்தன. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. ஜன்னலும் அதன் வழியாக வந்து தரையில் விழுந்திருந்த நீள்சதுர வெயிலும்தான். கட்டிலை எங்கே போட்டால் வெயில் கால்மாட்டில் விழும் என்று பார்த்துக்கொண்டாள். பகலெல்லாம் விரித்தே கிடக்கும் கட்டில். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இல்லத்தில் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் சமையலறைக் குப்பை டின்னைப் பழைய தராசில் ஏற்றி நிறுத்து, எடையைச் சுவர்ப் பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். பாத்திரம் கழுவும் பெண்மணியின் வேலை அது. எல்லாருக்கும் அவர் சித்தி, மேட்ரனுக்கும் சித்திதான். பழைய சமையல்காரர் காலத்தில் பதினெட்டு கிலோ, இருபது கிலோ என்று இருந்த பலகை, இவள் வந்த முதல் வாரத்தில் ஒன்பதுக்கு வந்தது. இரண்டாம் வாரத்தில் மூன்று.

"எனக்கே வெக்கமா இருக்கும்மா" என்றார் சித்தி. "டின்னைத் தூக்கிட்டுப் போனா கேட்டுக்காரன் கேக்கறான், என்ன சித்தி, உள்ள எல்லாரும் பட்டினியான்னு."

காய்ந்த ரொட்டி தூளாகி உருளைக்கிழங்கு மேல் பொன்னிறமாக உட்கார்ந்தது. உருளைக்கிழங்குத் தோல் எண்ணெய் தடவி அடுப்பில் வாட்டப்பட்டு, மொறுமொறுவென்று மூன்றாம் எண் அறைக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. இரண்டு முறை வேகவைத்த எலும்பை இடித்துத் தோட்டக்காரருக்குக் கொடுத்தாள். டீத்தூளும் அவருக்கே.

இதில் அவளுக்கு ஒரே ஓர் உறுத்தல்தான் இருந்தது. அது ஸ்டோர்க்காரர். கட்டடத்தின் எல்லாச் சாவிகளும் அவர் இடுப்பில் தொங்கியதால் அவருக்குப் பூட்டு என்று பெயர். ஐம்பத்தைந்து வயது, அதிகம் பேசாத மனிதர். ஒவ்வொரு வேளையும் பரிமாறத் தொடங்கும் நேரத்தில் பூட்டு வந்து, ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போவார். கேட்பதில்லை, சொல்வதுமில்லை. காலை, மதியம், இரவு. அவர் எடுத்துப் போவது தாழ்வாரத்துக் கோடியில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜுக்கு. அது எப்போதும் பூட்டியிருக்கும். "அந்த ஃப்ரிட்ஜ் உங்க பொறுப்பு இல்லம்மா" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் இருக்கலாம். அல்லது வெறும் நாக்காக இருக்கலாம். எப்படியும் வயிற்றுக்குள்தான் போகிறது, வீணாகவில்லை என்று விட்டுவிட்டாள்.

விதிகள் அச்சிட்ட நாலு தாள்கள் ஸ்டோர் ரூம் கதவின் பின்பக்கம் ஒட்டப்பட்டிருந்தன. அந்தக் கதவு பகலெல்லாம் சுவரோடு சேர்ந்து திறந்தே கிடக்கும். அந்தத் தாள்களைச் சுவர் மட்டும்தான் படித்திருக்கும்.

பத்தொன்பதாம் நாள், திங்கட்கிழமை, பூட்டு விடுப்பு. கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தார். போகும்போது சாவிக்கொத்தை மேட்ரனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பார்த்துக் காய்கறி வண்டி வரவில்லை. பதினோரு மணிக்கு வழியில் அச்சு முறிந்துவிட்டதாகப் போன் வந்தது. அடுப்பில் ஞாயிற்றுக்கிழமைக் கோழி எலும்பின் சாறு தயாராக இருந்தது. அதில் போட ஐந்து உருளைக்கிழங்கும் நாலு வெங்காயமும்தான் இருந்தன. பன்னிரண்டரை மணிக்கு மணி அடிக்கும். நாற்பது கிண்ணம்.

மேட்ரன் ஊசி மருந்து எடுக்கத் தாழ்வாரத்து அலமாரியைத் திறந்தவர், அவசரத்தில் சாவிக்கொத்தை அதிலேயே விட்டுப் போயிருந்தார். அவள் அந்தப் பக்கம் போனது உப்பு எடுத்துவர. கொத்து கண்ணில் பட்டது. சின்ன ஃப்ரிட்ஜும் கண்ணில் பட்டது. மூன்றாவது சாவி சரியாகப் பொருந்தியது.

உள்ளே இருபத்தொரு டப்பாக்கள். மூன்று தட்டுகளில் ஏழு ஏழாக. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு, பூட்டின் நிமிர்ந்த கையெழுத்தில். 'வெள்ளி – மதியம் – பீன்ஸ்.' 'சனி – இரவு – பார்லி.' 'ஞாயிறு – மதியம் – கோழி.' 'ஞாயிறு – காலை – ஓட்ஸ்.'

முதலில் வந்தது கோபம். எடுத்து எடுத்து வைத்திருக்கிறார் மனிதர், சாப்பிடவும் இல்லை, கொண்டு போகவும் இல்லை. அடுத்து வந்தது வேறொன்று. கிழமை எழுதி, உள்ளே இருப்பது எழுதி, பழையது முன்னாலும் புதியது பின்னாலுமாக அடுக்கி வைத்திருக்கிறார். இருபது வருடமாக அவள் செய்துவருவதும் இதையேதான். சீட்டு ஒட்டிக் குளிரில் வைத்த டப்பாவுக்கு அவளுக்குத் தெரிந்து ஒரே அர்த்தம்தான். அது பாத்திரத்துக்காகக் காத்திருக்கிறது.

ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்து பார்த்தாள். எல்லாம் நன்றாக இருந்தன.

ஓட்ஸ் கஞ்சி சாற்றைக் கெட்டியாக்கியது. பீன்ஸும் பார்லியும் அதற்கு உடம்பு கொடுத்தன. ஞாயிற்றுக்கிழமைக் கோழியை நாராகப் பிய்த்துப் போட்டாள். சனிக்கிழமை கேரட்டை மசித்துக் கரைத்ததும் நிறம் வந்தது. மூன்று டப்பாவில் ஆப்பிள் கூழ் இருந்தது. அதில் ஒரு கரண்டி மட்டும் சூப்புக்குள் போயிற்று, மிளகின் காரம் தணிய. மீதி இரவு ரொட்டிப் புட்டிங்குக்கு. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம் நன்றாகக் கொதித்தது. இந்த முறை தளதளவென்றே கொதிக்க விட்டாள். மூன்று நாள் குளிரில் இருந்த சாப்பாட்டை அப்படித்தான் செய்ய வேண்டும். பிறகு ருசி பார்த்தாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் வாய்க்குள் இருந்தன, எது எங்கே என்று சொல்ல முடியாதபடி.

டப்பாக்களை அவளே கழுவினாள். சீட்டுகளை வெந்நீரில் ஊறவைத்துப் பிசுபிசுப்பில்லாமல் உரித்தாள். ஃப்ரிட்ஜில் பழையபடி ஏழு ஏழாக, வாய் கவிழ்த்து அடுக்கினாள். பூட்டு நாளைக்கு வந்து பார்த்தால் கொஞ்சம் வெட்கப்படட்டும் என்று நினைத்தாள். சாவிக்கொத்தை மேட்ரன் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று மதியம் நாற்பது கிண்ணத்தில் இருபத்தாறு கிண்ணம் இரண்டாம் முறை வந்தன. மேட்ரன் நின்றுகொண்டே இரண்டு கிண்ணம் குடித்தார். சாயங்காலம் சித்தி டின்னைத் தராசில் வைத்தபோது முள் டின்னின் சொந்த எடையைத் தாண்டி அசையவில்லை. பலகையில் என்ன எழுதுவது என்று தெரியாமல் சித்தி ஒரு வட்டம் போட்டார். மேட்ரன் அதைப் பார்த்து, "பதிமூணு வருஷத்துல இதை நான் பாத்ததில்ல" என்றார். அவள் அந்த இரவு கட்டிலை விரித்துப் படுத்ததும் தூங்கிவிட்டாள்.

செவ்வாய் காலை ஆறாம் எண் அறையில் ஐந்து பேருக்கு வாந்தி.

ஐந்து பேருமே அறுவை முடிந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள். மேட்ரன் விதிப்படி தகவல் கொடுத்தார். பத்து மணிக்குச் சுகாதார ஆய்வாளர் வந்தார். இளைஞர், கையில் ஒரு குளிர்ப்பெட்டி, காதோரம் பேனா. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மூணு நாள் சாம்பிள் எடுங்க மேடம். ஒவ்வொரு வேளைக்கும், ஒவ்வொரு அயிட்டமும்."

பூட்டு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துச் சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இருபத்தொரு டப்பாக்கள் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தன.

அவள் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். சாம்பிள் என்ற சொல்லைக் கேட்டதுமே விஷயம் அவளுக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. யாருக்காவது உடம்புக்கு வந்தால் எடுத்துச் சோதிக்க வைத்திருந்த சாட்சிகள் அவை.

"இது என்னங்க?" என்றார் ஆய்வாளர்.

பூட்டு பஞ்சை வாயிலிருந்து எடுத்தார். "வெச்சிருந்தேன் சார். ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் வெச்சிருந்தேன்."

"வெச்சது எங்க?"

"தெரியல சார்."

"சாவி யார்கிட்ட இருக்கும்?"

"என்கிட்டதான்."

ஆய்வாளர் எழுதத் தொடங்கினார். மேட்ரன் பூட்டைப் பார்த்தார். பூட்டு டப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுகள் மட்டும் சிவந்தன. பேனா தாளில் ஓடும் சத்தம் கேட்டது. டப்பாக்களைக் கழுவும்போது அவளை யாரும் பார்க்கவில்லை. சித்தி அப்போது மேலே தட்டுகள் எடுக்கப் போயிருந்தார். பேசாமல் இருந்தால் பதினோரு நாளில் ஜன்னல் அறை. அவள் அதைக் கணக்குப் போட்டது உண்மை. அந்த மனிதரை மூன்று வாரமாக மனசுக்குள் திருடன் என்று வைத்திருந்ததும் உண்மை. இந்த இரண்டு வெட்கத்தில் எது அவளைப் பேச வைத்தது என்று பிறகு அவளாலேயே சொல்ல முடியவில்லை.

"நான்தான் சார் எடுத்தேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"எடுத்து?" என்றார் ஆய்வாளர்.

"சூப்புல போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆப்பிள் மட்டும் புட்டிங்குல."

ஆய்வாளர் பேனாவை மூடினார், திரும்பத் திறந்தார். "சரி, அந்த சூப்பு கொஞ்சம் குடுங்க."

"இல்ல சார். தீந்து போச்சு."

"அடியில ஒட்டினது?"

"ரொட்டியால துடைச்சு எடுத்துட்டோம்."

"புட்டிங்?"

"தட்டெல்லாம் காலியாதான் வந்துது."

"எலும்பு இருக்குமே."

"இடிச்சுத் தோட்டத்துக்குக் குடுத்தாச்சு."

"காய்த் தோல், முட்டை ஓடு, டீத்தூள், எதுவுமேவா இல்ல? குப்பை டின்ன எடுங்க."

சித்தி டின்னைக் கொண்டுவந்து வைத்தார். ஆய்வாளர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார். அடியில் ஒரு சின்னக் காகித உருண்டை கிடந்தது. பிரித்தால் இருபத்தொரு சீட்டுகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார். வேறு எடுத்துப் போக அந்தச் சமையலறையில் அவருக்கு ஒன்றுமே இல்லை.

"அஞ்சு வருஷத்துல எத்தனையோ அழுக்குக் கிச்சன் பாத்திருக்கேன்" என்றார் அவர். "சுத்தத்தால மாட்டிக்கிட்ட கிச்சன் இதுதான்."

"எனக்குத் தெரியாது சார், அது சாம்பிள்னு. சாப்பாடுன்னு நெனச்சேன்."

"சாம்பிள் எடுக்கறது அவர்தானே? நேத்து மதியம் சூப்புக்கும் எடுத்திருக்கணுமே."

"நேத்து அவர் லீவு. நான் எடுத்திருக்கணும்" என்றார் மேட்ரன். "மறந்துட்டேன். அதையும் எழுதிக்குங்க."

ஆய்வாளர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு ஒவ்வோர் அறையாகப் போய் விசாரித்தார். நாற்பது பேரும் அந்த சூப்பைக் குடித்திருந்தார்கள். இருபத்தாறு பேர் இரண்டு முறை. மேட்ரன், சித்தி, கேட்டுக்காரன், தோட்டக்காரர், எல்லாரும் குடித்து எல்லாரும் நன்றாக இருந்தார்கள். படுத்திருந்தது ஆறாம் எண் அறை மட்டும். அந்த அறையின் பச்சை அலமாரியில், துண்டுக்கு அடியில், ஒரு கேக் பெட்டி அகப்பட்டது. ஒருவருடைய மருமகன் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுத்தது. ஞாயிறு முழுக்கவும் திங்கள் முழுக்கவும் அது அலமாரிக்குள் வெதுவெதுப்பில் இருந்தது. திங்கள் சாயங்காலம் ஐந்து பேரும் பங்கு போட்டார்கள். விரல் நகத்தளவு க்ரீம் மூடியில் ஒட்டியிருந்தது. ஆய்வாளர் அதை வழித்துக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். முதல் முறையாக அவர் முகம் தெளிந்தது.

"சூப்பு மேல பழி போட்டுடாதீங்க தம்பி" என்றார் அந்த மாமனார், வாந்தி எடுத்த முகத்தோடு. "நல்ல சூப்பு அது. எங்க மருமகன் கை வெச்சா இப்படித்தான் ஆகும், கல்யாணத்துலேந்து பாக்கறேன்."

"சூப்பு நல்லா இருந்துதுன்னு எழுத இந்த ஃபாரத்துல இடம் இல்லங்க" என்றார் ஆய்வாளர்.

சாம்பிள் வைக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதி மேட்ரனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

மேட்ரன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"இனிமே சாம்பிள் நீங்களே எடுக்கணும். பூட்டு எடுக்க மாட்டார். இன்னிக்கு மதியத்திலேந்தே."

"சரிங்க மேடம்."

"ஒவ்வொண்ணும் நூத்தம்பது கிராம். சீட்டுல நேரமும் எழுதணும். எழுபத்திரண்டு மணி நேரம் வைக்கணும். அப்புறம் நீங்களே எடுத்துக் கொட்டணும்."

"கொட்டணுமா?"

"கொட்டணும்."

"குளிர்ல இருக்கற சாப்பாடு மூணு நாள்ல கெட்டுப் போகாது மேடம்."

"போகாது. எனக்கும் தெரியும். ஆனா கொட்டணும்."

மேட்ரன் குரலை உயர்த்தவில்லை.

"யாருக்கும் குடுக்கக் கூடாது, நாய்க்கும் கூடாது. நீங்க சாப்பிடக் கூடாது, செடிக்கும் போடக் கூடாது. டின்னுலதான் போகணும். இது உங்களுக்குக் கஷ்டம்னு எனக்குப் புரியுது. முடியும்னா அந்த ரூம் உங்களுக்கு. முடியாதுன்னா வெள்ளிக்கிழமை சொல்லிடுங்க, சங்கடப்படாம பிரிஞ்சுடலாம். இங்க சமைக்கறவங்க சமைக்கறது, கொட்டறது ரெண்டையும் செய்யணும்."

வீட்டுக்குப் போய்த் தம்பி மனைவியிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். தம்பி மனைவி வாயில் குண்டூசிகளோடு திரைச்சீலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குண்டூசியாக எடுத்து முடித்துவிட்டுத்தான் சிரித்தாள்.

"நாப்பது பேருக்கு சாட்சியை வேக வெச்சுப் போட்டீங்களா அண்ணி. இனி எங்க வீட்டு ஃப்ரிட்ஜையும் பூட்டித்தான் வைக்கணும்."

"சிரி."

"சிரிக்கல. சரி, கொட்டிடுவீங்கல்ல?"

"தெரியல."

"என்ன தெரியல? மூணு டப்பா. நான் வேணா வந்து கொட்டித் தரேன்."

"நானேதான் கொட்டணுமாம்."

தம்பி மனைவி துணியைத் திருப்பிப் போட்டு அடுத்த மடிப்புக்குப் போனாள். "அப்ப கஷ்டம்தான்" என்றாள்.

புதனும் வியாழனும் வழக்கம்போலப் போயின. அவள் நூற்றைம்பது கிராமைத் தராசில் நிறுத்து எடுத்தாள். ஒரு பீன்ஸ் கூடிப் போனால் அதைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டாள். நூறு கிராம் போதாதா என்று பூட்டிடம் கேட்டாள்.

"நானும் கேட்டுப் பாத்தேம்மா, வந்த புதுசுல" என்றார் பூட்டு. வீக்கம் வடிந்திருந்தது. "நூத்தம்பதுக்குக் கொறஞ்சா டெஸ்ட் பண்ண முடியாதாம்."

"நீங்க அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்கன்னு நெனச்சேன் அண்ணே."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் டப்பா எடுக்கும்போது கரண்டியை ஒரு மாதிரி இடிச்சு வைப்பீங்க. பழைய சமையக்காரரும் அப்படித்தான் இடிப்பார்."

வெள்ளிக்கிழமை சமைத்துப் பரிமாறி முடிந்ததும் அவள் சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்து முன்வரிசையிலிருந்து மூன்று டப்பாக்களை எடுத்துவந்தாள். 'செவ்வாய் – மதியம் – 12.40.' சூப், உருளைக்கிழங்கு மசியல், ஆப்பிள் கூழ். டின்னின் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தாள். சித்தி குழாயை நிறுத்தினார். பூட்டு ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றார்.

சூப்பைத் திறந்தாள். குளிரில் அது லேசாக உறைந்து, மேலே மெல்லிய தங்கநிறத் தகடு படிந்திருந்தது. நல்ல எலும்புச் சாறு அப்படித்தான் உறையும். டப்பாவை ஆட்டினால் உள்ளே அது ஒரு தடவை நடுங்கும். வாசனைக்குக் குறைவில்லை. ஒரு கிண்ணத்துக்குப் பாதி, ஒரு ஆளின் பாதிப் பசி.

டின்னுக்கு நேராக டப்பாவைக் கொண்டுபோனாள். திரும்ப ஸ்டூலில் வைத்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு கவுத்துடுங்க" என்றார் பூட்டு. "முதல் வருஷம் பூரா நான் அப்படித்தான் செஞ்சேன். ரெண்டு தடவ டின்னுக்கு வெளியில கொட்டி சித்திகிட்ட திட்டு வாங்கியிருக்கேன்."

"ரெண்டு தடவ இல்ல, ஏழு" என்றார் சித்தி.

அவள் கண்ணை மூடவில்லை. மூடினால் எதைக் கொட்டினோம் என்று தெரியாமல் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. அது அதைவிட மோசம். டப்பாவைச் சாய்த்தாள். சூப் ஒரே துண்டாக வழுக்கி, டின்னின் அடியில் மெத்தென்று விழுந்தது. பார்லி நாலைந்து டப்பாவின் மூலையில் ஒட்டியிருந்தன. ஒரு ஸ்பூனை எடுத்து அவற்றையும் வழித்து உள்ளே போட்டாள். ஒரு ஆளுக்குப் பரிமாறும்போது வழிப்பது போலவே, அடி தெரியும் வரைக்கும்.

பிறகு உருளைக்கிழங்கு.

மூன்றாவது டப்பாவைத் திறந்துகொண்டிருக்கும்போது மேட்ரன் தாழ்வாரத்தில் வந்தார். டின்னையும் பார்த்தார், ஸ்டூலில் இருந்த இரண்டு காலி டப்பாக்களையும் பார்த்தார். உள்ளே வரவில்லை.

"பின்பக்க ரூம்ல ஜன்னல் கதவு ஒண்ணு சரியா மூடாது" என்றார். "தச்சர் ஞாயித்துக்கிழமை வருவார். அதுக்கப்புறம் சாமான் கொண்டு வரலாம்."

"சரிங்க மேடம்" என்றாள் அவள். ஆப்பிள் கூழ் ஒட்டும். அதற்கு ஸ்பூன் போதாது, விரலால்தான் வழிக்க வேண்டும். வழித்தாள். விரலை நாக்கில் வைக்காமல், குழாயில் கழுவினாள்.